மீட்டர் கண்ணாடியைப் பாழாக்குவது எப்படி?

காரின் மீட்டர் கண்ணாடியைக் கெடுக்க மற்ற ஊர்க்காரர்கள் மெனக்கெட வேண்டும். வண்டலூர்க்காரர்களுக்குப் பாதி வேலையை ஊரே முடித்துக் கொடுத்துவிடுகிறது. ஜன்னலை இறக்கிவிட்டு ஜி.எஸ்.டி. சாலையில் ஓரிரு நாள் போய் வந்தால் போதும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் தயார்.

அதை வெறும் தூசி என்று குறைத்து எடை போடாதீர்கள். அதற்குப் பெரிய வம்சாவளி உண்டு. பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துப் பாறைக்கு சார்னோக்கைட் என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்குக்குக் கல்கத்தாவில் இருக்கும் கல்லறைக் கல் இதே பாறைதான் என்பதால், தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-ல் வைத்த பெயர் அது. அந்தக் கல்லிலும், ஜல்லி லாரிகள் உதிர்த்துப் போகும் தூளிலும், சாலையோர மணலிலும் குவார்ட்ஸ் இருக்கிறது. கனிமங்களின் கடினத்துக்கு மதிப்பெண் போடும் மோஸ் அளவுகோலில் வைரம் 10 வாங்கினால் குவார்ட்ஸ் 7 வாங்கும். ஜன்னல் கண்ணாடியே ஐந்தரையில் நின்றுவிடும். உங்கள் மீட்டரை மூடியிருப்பதோ கண்ணாடிகூட இல்லை. அக்ரிலிக் அல்லது பாலிகார்பனேட். நம் விரல் நகத்தோடு போட்டி போடும் அளவுக்குத்தான் அதற்குத் தெம்பு.

ஆகவே முதல் வேலை, காய்ந்த துணியால் அழுத்தித் துடைப்பது. சிக்னலில் வாங்கிய மஞ்சள் துணி உத்தமம். கதவுப் பையில் சில்லறை, டோல் ரசீது, முறுக்குத் தூளோடு ஆறு மாதம் கிடந்ததென்றால் இன்னும் விசேஷம். வட்டம் வட்டமாகத் துடையுங்கள். ஆட்டுக்கல்லில் மாவு அரைபடுவதுபோல் அந்தக் கல்தூள் பிளாஸ்டிக்கின் மேல் உருளும். பலன் உடனே தெரியாது. மாலையில் செங்கல்பட்டுப் பக்கம் போகும்போது வலப்புறமிருந்து வெயில் விழும், அப்போது பாருங்கள். வேகமுள்ளே தெரியாத அளவுக்கு வலைப்பின்னல் கோடுகள். பொங்கலுக்கு முந்தைய இரவில் பெருங்களத்தூரில் நிற்கிறவருக்கு முள் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பீர்கள். நியாயம்தான். உலர்ந்த துணியில் இன்னொரு வசதியும் உண்டு: தேய்க்கத் தேய்க்க பிளாஸ்டிக்கில் நிலைமின்சாரம் ஏறும். நீங்கள் கதவைச் சாத்துவதற்குள் புதுத் தூசியை அது தானே வரவழைத்துக்கொள்ளும்.

அடுத்தது திரவங்கள். ஜன்னலுக்கு வைத்திருக்கும், அமோனியா கலந்த ஸ்பிரேயை நேராக மீட்டர்மேல் அடியுங்கள். பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் விழ அது வழி செய்யும்; மிச்சம் ஓரத்து இடுக்கில் இறங்கி உள்ளேயிருக்கும் சர்க்யூட்டை விசாரிக்கும். அவசரக்காரர்களுக்குத் தின்னரும் நகப்பூச்சு அழிப்பானும் இருக்கின்றன. அக்ரிலிக்கை அசிட்டோன் கரைத்தே விடும். இயற்கை வழிதான் வேண்டும் என்பவர்கள் போர்வெல் தண்ணீரை ஊற்றலாம். நம் பக்கத்து உப்பு, காய்ந்ததும் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அதைத் தேய்த்து எடுக்க மறுபடி மஞ்சள் துணி.

இதையெல்லாம் ஒரே நாளில் முடிக்க ஆயுத பூஜை இருக்கிறது. வண்டியைக் கழுவி, பானெட்டில் சந்தனம் வைத்து, மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சை வைத்தாகிவிட்டது. கை அடுத்ததாக மீட்டருக்குப் போகும். கிலோமீட்டர் எண்களுக்கு மேல் மூன்று பட்டை விபூதி, பெட்ரோல் முள்ளுக்கு நேரே ஒரு குங்குமப் பொட்டு. ராத்திரியெல்லாம் அது காய்ந்து ஒட்டிக்கொள்ளும். விடுமுறை முடிந்த காலையில் ஆபீஸுக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில் கட்டைவிரலால் சுரண்டி, சட்டைக் கையால் ஒரு இழுப்பு. அடுத்த ஆயுத பூஜை வரைக்கும் பட்டை அங்கேயே இருக்கும், விபூதி இல்லாமல்.

வாட்டர் வாஷ் கடைத் தம்பியையும் மறக்கக் கூடாது. “அண்ணே, டேஷ்போர்டுக்குப் பாலிஷ் போட்டுடவா? ஷோரூம்லேர்ந்து எடுத்த மாதிரி ஆயிடும்” என்பான். கதவுப் படியைத் துடைத்த அதே துணியால் போடுவான். ஷோரூம் பளபளப்பு முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசவைக்கும். பிசுபிசுப்பில் தூசி வந்து உட்காரும்.

கெடுக்க மனமில்லாத ஒருசிலரும் இருக்கக்கூடும். அவர்கள் தலைக்கு மேலே பார்க்கலாம். தாம்பரம் விமானப்படைத் தளத்தில் 1954 முதல், விமானம் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்றுநர்களுக்கான பள்ளி நடக்கிறது. சின்ன விமானங்களின் முன்கண்ணாடியும் பெரும்பாலும் அக்ரிலிக்தான். அதைச் சுத்தம் செய்ய உலகமெங்கும் ஒரே முறை: முதலில் நிறையத் தண்ணீர் விட்டுத் தூளைக் கழுவி, வெறுங்கையால் தடவிப் பார்த்து, மணல் போய்விட்டதென்று தெரிந்த பிறகுதான் துணி. உலர்ந்த துணி கிட்டேயே வரக்கூடாது.

காருக்குள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற முடியாது. அதனால் இன்ஜினை அணைத்துவிட்டு, மென்மையான பெயின்ட் பிரஷ்ஷால் தூசியை அழுத்தாமல் தட்டிவிடுங்கள். புது மைக்ரோஃபைபர் துணியை ஆர்.ஓ. தண்ணீரிலோ பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரிலோ நனைத்து, சொட்டுவிடாமல் பிழியுங்கள். பிசுக்கு இருந்தால் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி. ஒரே திசையில், சும்மா தொட்டுக்கொண்டு போவதுபோல் இழுங்கள். ஒரு இழுப்புக்குத் துணியின் ஒரு மடிப்பு. அழுக்கான பக்கம் திரும்ப வரக்கூடாது. இன்னொரு ஈரத்துணியால் சோப்பை எடுத்துவிட்டு, தானே காய விடுங்கள். அந்தத் துணியை மொட்டை மாடிக் கொடியில் போடாதீர்கள், சாலை அங்கேயும் வரும். மெல்லிய கீறலுக்கு பிளாஸ்டிக் பாலிஷ் கிடைக்கிறது. பற்பசை பக்கம் போகாதீர்கள், அதிலும் தேய்க்கும் தூள்தான் இருக்கிறது. ஆழமான கீறலென்றால் அதோடு வாழப் பழகுவதே மேல். மீட்டரையே மாற்றினால், விற்கும்போது எந்தப் புரோக்கரும் உங்கள் கிலோமீட்டரை நம்ப மாட்டார்.

வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, சாலையில் கொஞ்சம் கூட்டம் குறையும். வேலையை அன்றைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆயுத பூஜைக்கு விபூதியை பானெட்டில் வையுங்கள், ஸ்டியரிங்கில் வையுங்கள், டயருக்குக்கூட வையுங்கள். மீட்டரை மட்டும் விட்டுவிடுங்கள், சாமி கோபித்துக்கொள்ளாது.