ஐந்திணைப் படத்திருத்தம்: பந்திங் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

கைப்பேசியில் எடுத்த படத்தை உறவினர் புலன (வாட்ஸ்அப்) குழுவில் போடுமுன் தட்டிக் கொட்டிச் சரிசெய்யும் கலை குறித்துத் தொல்காப்பியர் ஏதும் சொல்லவில்லை. ஆயினும் நிலத்துக்கோர் ஒழுக்கம் என்று அவர் வகுத்த நெறி, மலேசியாவின் கோலலங்காட் மாவட்டத்துப் பந்திங்கில் எடுக்கப்படும் படங்களுக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

பந்திங்காரர்களின் நெய்தல் மோரிப் கடற்கரை. ஞாயிறு மாலை அங்கே எடுத்த படங்களை மட்டும் நம்பினால், மலாக்கா நீரிணை போர்ட் டிக்சன் பக்கமாக வழிந்து கொட்டிக்கொண்டிருக்கிறது என்றுதான் புவியியலார் முடிவுகட்ட வேண்டும். சாய்ந்தது கடலல்ல, எடுத்தவர் கை. செயலியில் தெரியும் கட்டக்கோட்டோடு அடிவானத்தைப் பொருத்திச் சற்றே திருப்பினால் கடல் நிமிர்ந்துவிடும். திருப்பிய படத்துக்கு மூலைகள் வெட்டுப்படும் என்பதால் ஓரத்தில் நின்ற சித்தப்பா ஒரு தோளை இழப்பார். எடுக்கும்போதே அவருக்குக் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாம்.

நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். மேற்குப் பார்த்த கரை. சூரியன் முதுகுக்குப் பின்னால் இறங்க, முகங்களெல்லாம் கரிக்கட்டையாகின்றன. பார்த்தவர் இரங்கி, 'பிரைட்னஸ்' பட்டையைக் கோடிவரை இழுக்கிறார். முகத்தோடு சேர்ந்து வானமும் வெளுக்கிறது. ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள்தான். மூன்றும் 255ஐத் தொட்ட இடத்தில் மேகம் இருந்ததற்குத் தடயமே மிஞ்சாது. பிறகு எந்தப் பட்டையை இழுத்தும் பயனில்லை. நிழற்பகுதியை மட்டும் தூக்கும் 'ஷேடோஸ்' பட்டை அதே வரிசையில்தான், ஆள் சீந்தாமல் கிடக்கிறது.

கடலை நீலமாக்குவோர் தனிக் கூட்டம். மோரிப் நீர் சேற்றுநிறம். 1945 செப்டம்பர் 9 அன்று பிரிட்டிஷ் படை இங்கே கரையிறங்கியபோது அதன் வண்டிகளே சேற்றில் புதைந்தன. வரலாறு இப்படியிருக்க, 'சாச்சுரேஷன்' ஏற்றி அதை மாலத்தீவாக்குவது ஆவணத் திரிபு. கூடவே அத்தையின் சிவப்புச் சேலையும் தீப்பிடித்தாற்போல் எரியும்.

குறிஞ்சி, ஜுக்ரா குன்று. புணர்தல் திணையாதலால் கல்யாணத்துக்கு முந்தைய படங்களுக்கு உகந்தது. புகைமூட்டக் காலத்தில் ஏறினால் ஜோடி சாம்பலுக்குள் நிற்கும். 'கான்ட்ராஸ்ட்' கொஞ்சம் கூட்டலாம், மிஞ்சினால் மழைக்குக் காத்திருக்கலாம். காத்திருத்தல் முல்லைக்குரியது. கல்யாண ஆல்பம் வரும்வரை இருத்தலும் அதில் அடங்கும். அதற்குத் திருத்தம் கிடையாது.

மருதம், திருமண மண்டபம். உரிப்பொருள் ஊடல், என் முகம் ஏன் ஊதாவாக இருக்கிறது என்பதே ஊடலுக்குக் காரணம். மேடை விளக்கின் குற்றம் அது. 'ஒயிட் பேலன்ஸ்' துளிக்குழாயை வெள்ளையான பொருள் ஒன்றின் மேல் வைத்துத் தொட்டால் மற்ற நிறங்கள் தாமே வழிக்கு வரும். தமிழ்க் கல்யாணத்தில் வெள்ளைக்கா பஞ்சம், வேட்டி இருக்கிறதே என்பீர்கள். வேட்டியைத் தேர்வதில்தான் புலமை தெரியும். சொட்டுநீலம் தூக்கலாகப் போட்ட வேட்டியைத் தொட்டால் கூட்டமே மஞ்சள்காமாலை கண்டதுபோலாகும். மாப்பிள்ளையின் சந்தனநிறப் பட்டு வேட்டியைத் தொட்டாலோ எல்லாரும் குளிரில் விறைத்துப்போவார்கள். சாயமேறாத பருத்தி வேட்டி, அதுவும் மடிப்பின் நிழல் விழாத இடம், உத்தமம். முகத்தை வெளுக்க வைக்கும் 'பியூட்டி' வடிகட்டி திருத்தத்தில் சேராது; அது ஆள்மாறாட்டம்.

பாலைக்குத் தொல்காப்பியர் தனி நிலம் ஒதுக்கவில்லை. அது எந்த வீட்டிலும் நிகழும். அதன் உரிப்பொருளான பிரிதலை நிறைவேற்றும் கருவியே 'கிராப்'. வேண்டாத குப்பைத்தொட்டியை விலக்கி முகத்தை முன்னுக்குக் கொண்டுவரவே அது படைக்கப்பட்டது. நம் குடும்பங்களில் அது மச்சானை விலக்கப் பயன்படுகிறது. 1858இல் இங்கிலாந்தில் ஹென்றி பீச் ராபின்சன் ஐந்து நெகட்டிவ்களை இணைத்து ஒரே குடும்பக் காட்சியை உண்டாக்கினார். நம்மவர்கள் நிலத்தகராறு ஒன்றை வைத்தே ஒரு குடும்பப் படத்தை ஐந்தாக்கிவிடுவார்கள். அவசரத்தில் வெட்டிய படங்களை அடையாளம் காண்பது எளிது: ஆள் போயிருப்பார், தங்கை தோளில் அவர் கை மட்டும் மோதிரத்தோடு தங்கியிருக்கும்.

ஆகவே வாசகர்களே, எதைத் திருத்தினாலும் முதலில் ஒரு நகல் எடுத்து நகலில் திருத்துங்கள். புலனம் சுருக்கி அனுப்புவது மூலமாகாது. ஜேபெக்கைத் திருத்தித் திருத்திச் சேமித்தாலும் படம் தேயும். மச்சான் அடுத்த தீபாவளிக்குள் சமாதானமாகி, தாம் இருந்த படத்தைக் கேட்கக்கூடும்.