பாலிஷ் டப்பா வைத்தியம்

சிப்பி தின்ன ஒரு முறை இருக்கிறது. தொண்டிக் கடற்கரையில் சின்னப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்: நல்லா வேக வை. சுவீடன் நாட்டு ஆர்னே லார்சனுக்கு அதைச் சொல்ல ஆளில்லை போலும். கெட்ட சிப்பியால் வந்தது என்று சொல்லப்படும் ஈரல் தொற்று இதயம்வரை ஏறியது. நாளைக்கு 20, 30 தடவை துடிப்பு நின்று மனிதர் சாய்ந்தார்.

பேஸ்மேக்கர் அப்போதும் உண்டு. தள்ளுவண்டியில் ஒரு பெட்டி, அதன் வயர் சுவர் பிளக்கில். கரண்ட் போனால் ஆளும் போவார். மின்வெட்டு நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்கு மட்டும் பட்டா போட்டுக் கொடுத்ததல்ல. 1957 அக்டோபரில் அமெரிக்காவின் மினியாபொலிஸிலும் வந்தது. டாக்டர் லில்லிஹெய் பதறி, ஆஸ்பத்திரி மெஷின்களை ரிப்பேர் பார்க்கும் எர்ல் பேக்கனைப் பிடித்தார். பேக்கன் ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையில் வந்த மெட்ரோனோம் சர்க்யூட்டைக் கொஞ்சம் மாற்றி, பேட்டரி போட்டு, நோயாளி மாட்டிக்கொண்டு நடக்கிற மாதிரி செய்துவிட்டார். பாட்டுக்குத் தாளம் போட வந்தது நெஞ்சுக்குத் தாளம் போட்டது.

ஆனால் அது உடம்புக்கு வெளியே. உள்ளே போனதற்குக் காரணம் ஆர்னேயின் மனைவி எல்ஸ்-மாரி. இந்தக் கதையில் நிஜ விஞ்ஞானி அவர்தான் என்பது என் கட்சி. ஸ்டாக்ஹோமில் சர்ஜன் செனிங், என்ஜினீயர் எல்ம்க்விஸ்ட் இருவர் வாசலிலும் மாறி மாறிப் போய் நின்றார். மனிதருக்கு வைக்க எங்களிடம் ஒன்றும் தயாராக இல்லையே என்றார்கள். இல்லாவிட்டால் செய்யுங்கள் என்றார் அம்மா. இதற்கு மறுபேச்சு எந்த ஊரில் உண்டு?

எல்ம்க்விஸ்ட் இரண்டு டிரான்சிஸ்டரையும் பேட்டரியையும் சேர்த்து, ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து, எபாக்சி பிசின் ஊற்றி வார்த்தெடுத்தார். தோலுக்கு வெளியே ஒரு காயிலைப் பிடித்தால் உள்ளே சார்ஜ் ஏறும். துபாயிலிருந்து வந்த சபுராளி துடிப்பு எண்ணும் வாட்சைத் தட்டின்மேல் வைத்து, “வயரே இல்லாம ஏறுது, பாத்தீகளா?” என்று தொண்டியில் காட்டுகிறாரே, அந்த வித்தை 1958 அக்டோபர் 8 அன்றே ஆர்னேயின் வயிற்றுக்குள் போய்விட்டது.

போன கருவி சில மணி நேரத்தில் மண்டையைப் போட்டது. கைவசம் இருந்த இன்னொன்றை வைத்தார்கள். அதுவும் நெடுநாள் தாங்கவில்லை. ஆர்னே அசரவில்லை. ஆயுசில் மொத்தம் 26 கருவி மாற்றினார். எல்ம்க்விஸ்ட் 1996இல் போய்ச் சேர்ந்தார், செனிங் 2000இல். வேலை கொடுத்தவர் மட்டும் 2001 டிசம்பர்வரை இருந்து, 86 வயதில் கிளம்பினார். அதுவும் இதயத்தால் அல்ல, தோல் புற்றுநோயால்.