கணினிக் கொள்முதல் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம்

மேன்மை தங்கிய குழுவினர் சமூகத்திற்கு, திருவாண்டார்கோயில் வாசியாகிய அடியேன் வணங்கி எழுதிக்கொள்வது.

தங்கள் அலுவலகத்திற்கு வாங்கவிருக்கும் புதிய கணினி, வெள்ளி நிற மேனியும் காகிதம்போல் மெலிந்த திரையும் காண்போர் மூக்கில் விரலை வைக்கும் விலையும் உடையதாகவே இருக்கவேண்டுமென்று தாங்கள் ஏகமனதாகத் தீர்மானித்திருப்பதாகக் கேள்வியுற்று ஆனந்தம் அடைந்தேன். சிவப்பு ரேஷன் கார்டையும் ஆதார் நகலையும் முந்தானையில் முடிந்துகொண்டு, முதியோர் உதவித்தொகைக்காகத் தங்கள் வாசல் வேப்பமரத்தடியில் காத்திருக்கும் பாட்டிமார், பணம் கைக்கு வந்து சேராவிட்டாலும், எத்தனை உயர்ந்த இயந்திரத்தில் தங்கள் மனு நிலுவையில் கிடக்கிறது என்று எண்ணியாவது பெருமிதம் கொள்வார்கள் அல்லவா?

ஆயினும், காரியத்துக்கு ஆகிற பொருளைத்தான் வாங்கவேண்டும் என்று வாதிக்கும் விதண்டாவாதிகள் சிலர் நம் பிராந்தியத்தில் உண்டு. அவர்கள் வில்லியனூரைக் காட்டுவார்கள். 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், கனடா தேசத்து உதவியோடு அங்கே ஒரு தலைமை மையம் அமைத்துச் சுற்றுக் கிராமங்களில் கணினி வைத்தபோது செய்த விபரீதங்களைக் கேளுங்கள்: இயந்திரத்தைப் பற்றி யோசிக்கும் முன்பே, ஜனங்களுக்கு என்ன தகவல் வேண்டும் என்று ஊர் ஊராக விசாரித்தார்கள், மின்சாரம் அடிக்கடி போகிறதென்று சூரிய ஒளித் தகடு மாட்டினார்கள், தொலைபேசிக் கம்பியை நம்புவதற்கில்லை என்று கம்பியில்லாக் கருவியில் செய்தி அனுப்பினார்கள், எம்பலத்தில் கோயிலைச் சேர்ந்த இடத்தில் கணினியை வைத்து, அதிகம் படிக்காத கிராமத்துப் பெண்கள் பொறுப்பில் விட்டார்கள், போதாக்குறைக்கு, சாதி பாராமல் எவரும் உள்ளே வரலாம் என்று நிபந்தனை வேறு விதித்தார்கள். வீராம்பட்டினத்தில் நடந்ததோ அநியாயத்தின் உச்சம். அமெரிக்கக் கடற்படையார் இணையத்தில் வெளியிட்ட அலை உயரக் கணக்கை வில்லியனூரில் இறக்கி, தமிழில் ஆக்கி, கடலோரத்து ஒலிபெருக்கியில் முழங்கவிட, கட்டுமரத்தைத் தள்ளுவதா வேண்டாமா என்பதை மீனவர்கள் மணலில் நின்றபடியே தீர்மானித்தார்களேயன்றி, அந்தக் கணினி எந்தக் கம்பெனி, என்ன நிறம் என்று ஒருவராவது கேட்டிருப்பாரா? ஒரு நல்ல இயந்திரத்தை இப்படி அவமானப்படுத்தியதற்கு 2001-ல் ஸ்டாக்ஹோமில் பரிசும் கொடுத்தார்கள். நம் கௌரவம் வெளிதேசத்தாருக்கு எங்கே புரியப்போகிறது!

மதகடிப்பட்டில் கடை வைத்திருக்கும் ஒருவரும் இதே கட்சிதான். சான்றிதழும் பட்டியலும் தட்டுவதற்கு எட்டு ஜி.பி. நினைவகமும், ஒரு எஸ்.எஸ்.டி.யும், கரண்ட் போனால் தாங்கும் யு.பி.எஸ்.ஸும், மை மலிவாய்க் கிடைக்கும் பிரிண்டரும் போதும், மிச்சப் பணத்தில் இன்னும் இரண்டு மேஜைக்குக் கணினி போடலாம் என்கிறார். வியாபாரம் தெரியாத மனிதர், பொருட்படுத்தாதீர்கள்.

ஆகவே தாங்கள் மனம் தளராமல், புது இயந்திரத்தைத் தலைவர் அறையில் ஏ.சி.க்கு நேர் கீழே மூலவரைப்போல் பிரதிஷ்டை செய்து, திரைமேல் ஒட்டிவந்த கண்ணாடித்தாளைக் கிழிக்காமல், ஆயுதபூஜையன்று மட்டும் சந்தனமும் குங்குமமும் சாத்தி, மற்ற நாட்களில் துணி போர்த்திக் காத்து அருளவேண்டும். விருந்தினர் வந்தால் துணியை விலக்கலாம். சுவிட்சைப் போடுவது அவசியமில்லை.

ஒரே ஒரு பிரார்த்தனை. முன் அறையில், எழுத்துகள் தேய்ந்த விசைப்பலகையுடன் குமாஸ்தா தட்டிக்கொண்டிருக்கும் பழைய கணினியை அவசரப்பட்டு ஏலத்தில் விட்டுவிடாதீர்கள். புதியதில் தங்கள் பிரிண்டரின் கம்பியைச் செருகத் துளையே கிடையாதாம்; அந்தப் புதுக் கணினியை வாங்கிய பில்லுக்குப் பட்டுவாடா உத்தரவை வேறு எதில் அடிப்பீர்கள்?

இப்படிக்கு,
வேப்பமரத்தடியில் காத்திருக்கும் மனுதாரன்