‘ஏ’ டீமா, ஏமாற்றும் டீமா?

கேள்வி: கிரிக்கெட்டில் இந்தியா ‘ஏ’ தெரியும். ரக்பியிலும் இரண்டாம் அணி வைத்து, வளரும் நாடுகளோடு ஆடவிட்டுத் தேற்றுகிறார்களாமே! இதில் யாருக்கு லாபம்?
*கல்லூரி மாணவர், திருக்கனூர்*

பதில்: அது ஸ்கோரைப் பொறுத்தது. 2024 பிப்ரவரியில் லெஸ்டர் நகரில் இங்கிலாந்து ‘ஏ’ போர்ச்சுகலை 91-5 என்று துவைத்து எடுத்தது. போர்ச்சுகல் ஒன்றும் சோப்ளாங்கி நாடு இல்லை. நாலே மாதம் முன்பு, உலகக் கோப்பையில் பிஜியை 24-23 என்று சாய்த்தது. கடைசி நிமிஷங்களில் ஒரு டிரை, அதன்மேல் ஒரு கன்வர்ஷன் உதை, ஒரே ஒரு புள்ளியில் வெற்றி! லெஸ்டரில் அப்படி ஒரு நெருக்கடி எந்த இங்கிலாந்துப் பையனுக்கும் வரவில்லை. உதைக்கிறவருக்குக் கால் வலித்திருக்கும், அவ்வளவுதான். ‘இவன் அழுத்தத்தைத் தாங்குவானா?’ என்று பார்க்கத்தான் இரண்டாம் அணி. அழுத்தமே இல்லாத ஆட்டத்தில் தேர்வாளர் என்ன குறிப்பெடுப்பார்?

கேள்வி: அப்படியானால் உருப்படியாகச் செய்தவர்களே இல்லையா?
*ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், வில்லியனூர்*

பதில்: இருக்கிறார்கள், சார். அர்ஜென்டினாவைச் சொல்வேன். பெரிய அணி நியூசிலாந்து, ஆஸ்திரேலியா என்று சுற்றிக்கொண்டிருக்க, 2016 முதல் 2019 வரை ‘அர்ஜென்டினா 15’ என்ற இரண்டாம் அணியை அமெரிக்கக் கண்டப் போட்டிக்கு அனுப்பினார்கள். எதிரே உருகுவே, சிலி, பிரேசில், கனடா, அமெரிக்கா. எல்லாமே அவரவர் நாட்டின் முதல் அணி. அர்ஜென்டினா வெறுமனே கோப்பையை வாங்கிவரப் போகவில்லை. 2017, 2018 இரண்டு வருஷமும் அமெரிக்காதான் தூக்கிப்போனது. தோற்கவும் வாய்ப்புள்ள ஆட்டம் என்றால்தான் பையன் ராத்திரி தூங்காமல் யோசிப்பான்.

எதிர்ப்பக்கம் என்ன ஆயிற்று? உருகுவே 2019 உலகக் கோப்பையில் பிஜியைச் சாய்த்தது. சிலி 2022-இல் அமெரிக்காவை இரண்டு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 52-51 என்று முந்தி, முதல்முறையாக உலகக் கோப்பைக்குப் போனது. எல்லாம் அந்தப் போட்டியின் புண்ணியம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வருஷா வருஷம் பக்கத்து வீட்டு அண்ணனிடம் அடி வாங்கியவனுக்கு உடம்பு தேறாமலா போகும்?

அயர்லாந்தும் 2015-இல் ‘எமர்ஜிங்’ அணியை ஜார்ஜியாவின் திபிலிசிக்கே அனுப்பியது. எனக்குப் பிடித்த முறை அதுதான். அவர்கள் மண்ணில், அவர்கள் கூட்டத்துக்கு நடுவே ஆட வேண்டும். அந்த ஜார்ஜியா 2022-இல் இத்தாலியையும் வேல்ஸையும் வீழ்த்தியது.

கேள்வி: இரண்டாம் அணிக்கு ஆடியவர் வேறு நாட்டுக்கு மாற முடியாதாமே?
*கூட்டுறவு வங்கி ஊழியர், பாகூர்*

பதில்: வங்கிக்காரர் சரியாக ‘லாக்-இன்’ காலத்தைப் பிடித்துவிட்டார்! ஸ்டீவன் ஷிங்லர் என்ற வீரர் 2011-இல் வேல்ஸின் 20 வயதுக்குட்பட்டோர் அணிக்காகப் பிரான்ஸின் அதே வயது அணியோடு ஆடினார். 2012-இல் ஸ்காட்லாந்து அவரை அழைத்தபோது, ‘ஆட முடியாது’ என்றது சர்வதேச வாரியம். வேல்ஸும் பிரான்ஸும் அப்போது சின்னப் பையன்கள் அணியையே முதல் அணிக்கு ‘அடுத்த அணி’ என்று பதிவு செய்திருந்தனவாம். திருக்கனூரில் தெரியாத்தனமாக நாலு அடி எடுத்துவைத்தால் விழுப்புரம் மாவட்டத்தில் நிற்போமே, அந்தக் கதை. நமக்காவது உடனே திரும்பிவிடலாம். ரக்பியில் 2022-இல்தான் கதவைத் திறந்தார்கள். மூன்று வருஷம் சர்வதேச ஆட்டத்தைத் தொடாமல் இருந்து, தானோ பெற்றோரோ தாத்தா பாட்டியோ பிறந்த நாட்டுக்கு ஒரே ஒரு தடவை மாறலாம்.

கேள்வி: நம்ம புதுச்சேரிக்கு இதில் பாடம் உண்டா?
*மருந்துக்கடைக்காரர், மண்ணாடிப்பட்டு*

பதில்: கிரிக்கெட்டில் படித்தே விட்டோம். 2018-19-இல் ரஞ்சிக்குள் நுழைந்தபோது மற்ற புது அணிகளோடு தனிப்பிரிவில் போட்டார்கள். பெரிய அணிகளோடு ஆட ஆரம்பித்த பிறகு, 2024 ஜனவரியில் டெல்லியை அதன் சொந்த ஊரிலேயே ஒன்பது விக்கெட்டில் வென்றோம். தோற்ற டெல்லி கேப்டனையே மாற்றியது!

கேள்வி: ரக்பியில் இந்தியா ‘ஏ’ எப்போது வரும்?
*அஞ்சலக ஊழியர், திருபுவனை*

பதில்: அவசரப்படாதீர்கள். மற்றவர்களின் ‘ஏ’ அணி வந்து ஆட வேண்டிய ‘வளரும் நாடு’ நாம்தான். பழைய பெருமைக்குக் குறைவில்லை. 1870-களில் கல்கத்தா ரக்பி கிளப்பைக் கலைத்தபோது வங்கியில் கிடந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கோப்பை செய்தார்கள். மூன்று நாகங்கள் கைப்பிடி, மூடிமேல் யானை. இன்றும் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் அதற்காக மோதுகின்றன. வெள்ளி நம்முடையது, விளையாட்டு அவர்களுடையது.

நம் பெண்கள் 2019-இல் மணிலாவில் சிங்கப்பூரை 21-19 என்று வென்றார்கள். 15 பேர் ஆட்டத்தில் அதுதான் அவர்களுடைய முதல் சர்வதேச வெற்றி. அந்த இரண்டு புள்ளி வித்தியாசம் எனக்கு 91-5-ஐ விட ருசி.

கேள்வி: 2025-இல் சென்னை புல்ஸ் ரக்பி லீக் இறுதியில் டெல்லியை 41-0 என்று நொறுக்கியதே, அது போதாதா?
*அதே அஞ்சலக ஊழியர்*

பதில்: அது ஏழு பேர் ஆட்டம், ஐயா. மீதி எட்டுப் பேரை எந்தத் தபாலில் அனுப்பப் போகிறீர்கள்?