பேரம் படிந்தது, பங்காளி வந்தார்

அமெரிக்க வாசகர்கள் பலர் சொல்லிவைத்தாற்போல் ஒரே விஷயத்தைக் கேட்டிருக்கிறார்கள். டிஸ்னி வெகேஷன் கிளப் பாயிண்ட்டை ரீசேலில் வாங்கும்போது விலையைக் குறைப்பது எப்படி? அதனால் இந்த முறை கேள்வி-பதிலில் அரசியலுக்கும் சினிமாவுக்கும் விடுமுறை.

கே: மாப்பிள்ளை ஃபுளோரிடாவில் ‘160 பாயிண்ட்’ வாங்கப் போகிறாராம். நிலமா, ஷேரா, சீட்டா? மகளைக் கேட்டால் ‘உங்களுக்குப் புரியாதுப்பா’ என்கிறாள்.
– ‘ஒரு மாமனார்’, திருச்சி

ப: நிலத்தோடு சேர்ந்ததுதான் ஐயா. ஆனால் காலாவதித் தேதி போட்ட நிலம்! 1991-ல் டிஸ்னி தொடங்கிய திட்டம் இது. ரிசார்ட்டின் ஒரு யூனிட்டில் உங்கள் மாப்பிள்ளைக்குச் சின்னஞ்சிறு சதவீதப் பங்கு கிடைக்கும். ஒர்லாண்டோ ரிசார்ட் என்றால் ஆரஞ்சு கவுன்டியில் பத்திரமும் பதிவாகும். அந்தப் பங்குக்கு ஆண்டுதோறும் 160 பாயிண்ட் வரும். அதைக் கொடுத்து அறை பிடிக்கலாம்: சொந்த ரிசார்ட்டில் 11 மாதம் முன்பே, மற்ற ரிசார்ட்டுகளில் 7 மாதம் முன்பு. தங்கினாலும் தங்காவிட்டாலும் ‘டியூஸ்’ என்ற பராமரிப்புக் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு வந்து நிற்கும்.

பீச் கிளப், போர்டுவாக் ரிசார்ட்டுகளின் கான்ட்ராக்ட்டுகள் 2042 ஜனவரி 31-ல் முடிகின்றன. சரட்டோகா ஸ்பிரிங்ஸ் 2054 வரை, ரிவியரா 2070 வரை. டிஸ்னியிடம் நேரடியாக வாங்கினால் பல ரிசார்ட்டுகளில் பாயிண்ட் 200 டாலரைத் தாண்டும். பழைய உறுப்பினர் விற்கும்போது அதைவிட நன்றாகக் குறையும். மாப்பிள்ளை ரீசேலுக்குப் போயிருக்கிறார் என்றால் மகளை நல்ல இடத்தில்தான் கொடுத்திருக்கிறீர்கள்.

கே: எனக்குப் பேரம் பேசக் கூச்சம். கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வீட்டில் திட்டு வாங்குவதே வழக்கம்.
– ‘கூச்சக்காரன்’, நியூ ஜெர்சி

ப: இந்த வியாபாரம் உங்களுக்காகவே உண்டானது. விற்பவரின் முகத்தை நீங்கள் கடைசிவரை பார்க்கப் போவதில்லை. நடுவில் இருக்கும் ப்ரோக்கர்தான் உங்கள் விலையை அங்கே கொண்டுபோவார், விற்பவரின் கோபத்தை வடிகட்டி இங்கே கொண்டுவருவார்.

ப்ரோக்கரின் கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். கமிஷன் கொடுப்பவர் விற்பவர். அதனால் ப்ரோக்கர் அவர் பக்கம்தான் நிற்பார் என்று பயப்பட வேண்டாம். 160 பாயிண்ட்டில் பாயிண்ட்டுக்கு 5 டாலர் குறைந்தால் விற்பவருக்கு 800 டாலர் நஷ்டம். கமிஷன் 8 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ப்ரோக்கருக்குப் போவது 64 டாலர். அந்த 64-க்காக அவர் ஒரு வியாபாரத்தைக் கைநழுவ விடமாட்டார். விற்பவரைக் கொஞ்சம் இறங்கச் சொல்வார். அதே வாயால் உங்களையும் கொஞ்சம் ஏறச் சொல்வார். அவர் இருப்பது விற்பவர் பக்கமும் இல்லை, உங்கள் பக்கமும் இல்லை. கையெழுத்தின் பக்கம்.

கே: முதல் விலையை எவ்வளவு குறைத்துக் கேட்கலாம்? 10 சதவீதம்? 20?
– ‘அவசரக்காரி’, டாலஸ்

ப: சதவீதத்தை விடுங்கள், அது சோம்பேறியின் சூத்திரம். 120 பெறுகிற பாயிண்ட்டுக்கு 150 போட்டிருப்பவரிடம் 20 சதவீதம் குறைத்து வாங்கினால் 120 கொடுத்துவிட்டுப் பேரத்தில் ஜெயித்ததாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பீர்கள். விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை. முடிந்த விலை என்ன என்று பாருங்கள்.

ஃபுளோரிடாவில் அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பத்திரம் பதியும்போது முத்திரை வரி 100 டாலருக்கு 70 சென்ட். பதிவேடு யார் வேண்டுமானாலும் பார்க்கக் கூடியது. ஒரு பத்திரத்தில் வரி 112 டாலர் என்று இருந்தால் 0.70-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். அந்தப் பங்கு 16,000 டாலருக்குக் கைமாறியிருக்கிறது. 160 பாயிண்ட் என்றால் பாயிண்ட் 100 டாலர். விற்பவர் ‘இந்த விலைக்கு எங்கேயும் கிடைக்காது’ என்னும்போது நீங்கள் மனதுக்குள் சிரித்துக்கொள்ளலாம்.

பிறகு ப்ரோக்கரிடம் மூன்று கேள்விகள். விளம்பரம் எத்தனை நாளாக நிற்கிறது? விற்பவருக்குக் கடன் பாக்கி உண்டா? டியூஸ் கட்டியாகிவிட்டதா? நாள்பட்ட விளம்பரம் என்றால் விற்பவரே மெல்ல இறங்கிக்கொண்டிருப்பார். கடன் பாக்கி என்றால் அவரால் ஓரளவுக்குக் கீழே இறங்கவே முடியாது, கைக்காசு போட்டு யார் விற்பார்கள்? டியூஸ் பில்லுக்குக் கெடு ஜனவரியில். அதைப் பார்த்து மலைத்து நிற்பவர் உங்கள் போனுக்குக் காத்திருக்கக் கூடும்.

கே: ஒரே ரிசார்ட்டில் இரண்டு கான்ட்ராக்ட், இரண்டும் 160 பாயிண்ட். ஒன்று 100 டாலர், இன்னொன்று 95. நான் 95-ஐப் பிடித்துவிட்டேன் என்று மனைவியிடம் சொல்லலாமா?
– ‘பெருமைக்காரர்’, ஹூஸ்டன்

ப: பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். 100 டாலர் கான்ட்ராக்ட்டில் போன ஆண்டில் மிச்சம் பிடித்து ‘பேங்க்’ செய்த 160 பாயிண்ட்டும் இந்த ஆண்டின் 160-ம் இருக்கலாம். 95 டாலர்காரர் இந்த ஆண்டுப் பாயிண்ட்டைச் செலவழித்து, அடுத்த ஆண்டினதையும் முன்கூட்டியே இழுத்து ஒரு கிறிஸ்துமஸைக் கொண்டாடி முடித்திருக்கலாம். வெறும் பெட்டி!

5 டாலர் வித்தியாசத்தில் நீங்கள் மிச்சப்படுத்தியது 800 டாலர். பாயிண்ட்டை வாடகைக்கு எடுத்தால் ஒன்று 15 டாலர் என்று வைத்தால்கூட, ஒரு ஆண்டின் 160 பாயிண்ட்டுக்கு மதிப்பு 2,400. அதனால் வெறும் பெட்டிக்காரரிடம் விலையை மட்டும் பேசாதீர்கள். ‘அந்த ஆண்டுப் பாயிண்ட்டைத் தின்றவர் நீங்கள், அந்த ஆண்டு டியூஸும் உங்களுடையது’ என்று கேளுங்கள். பத்திரம் மாற்றும் ‘க்ளோசிங்’ செலவில் பாதியையும் கேளுங்கள். பாயிண்ட் விலையில் ஒரு டாலர் இறங்க மறுப்பவர், இந்த ஓரத்துச் செலவுகளில் சுலபமாக இறங்குவார். அவருடைய மானம் விளம்பரத்தில் போட்ட எண்ணில்தான் இருக்கிறது.

நிரம்பிய பெட்டியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பாயிண்ட் கணக்கின் ஆண்டான ‘யூஸ் இயர்’ தொடங்கி முதல் 8 மாதத்துக்குள்தான் பாயிண்ட்டை அடுத்த ஆண்டுக்குத் தள்ள முடியும். ஒருமுறை தள்ளியதை மறுபடி தள்ள முடியாது. பத்திரம் உங்கள் பெயருக்கு வந்துசேர்வதற்குள் காலாவதியாகப் போகிற பாயிண்ட்டைக் காட்டி விலை கேட்டால், அதற்குச் சல்லிக்காசு தராதீர்கள்.

கே: ஒரு மாதம் மல்லுக்கட்டி நல்ல விலைக்கு முடித்தேன். இருவரும் கையெழுத்தும் போட்டோம். கடைசியில் டிஸ்னி ‘இதை நாங்களே எடுத்துக்கொள்கிறோம்’ என்றுவிட்டது. இது என்ன நியாயம்?
– ‘ஏமாந்தவன்’, அட்லாண்டா

ப: ஊரில் நிலம் விற்கும்போது, விலை பேசி முடித்த பிறகு பங்காளி வந்து ‘அதே விலையை நான் தருகிறேன், வெளியாளுக்கு எதற்கு?’ என்று நிற்பார் இல்லையா? டிஸ்னி அந்தப் பங்காளி. கான்ட்ராக்ட்டிலேயே எழுதிவைத்த உரிமை. ரீசேல் உலகில் இதற்குச் செல்லப்பெயர் ‘ரோஃபர்’. கையெழுத்தான கான்ட்ராக்ட்டை டிஸ்னிக்கு அனுப்ப வேண்டும். அவர்களுக்கு 30 நாள் அவகாசம். வேண்டாம் என்றால் உங்களுக்கு, வேண்டும் என்றால் நீங்கள் பேசிய அதே விலைக்கு, அதே நிபந்தனைகளுக்கு அவர்களுக்கு.

விற்பவருக்குக் கவலையில்லை, காசு யார் கொடுத்தாலும் காசுதான். உங்களுக்கும் முன்பணம் திரும்பி வந்துவிடும். போனது நாட்களும் தூக்கமும்தான். நீங்கள் பேசிய விலை, டிஸ்னியே வாயூறும் விலை என்று நற்சான்றிதழ் வேறு கிடைத்திருக்கிறது. சட்டம் போட்டு மாட்ட முடியாது என்பதுதான் குறை.

இந்தப் பங்காளியை அடியோடு வெறுக்கவும் வேண்டாம். வேறு சில டைம்ஷேர்களை 1 டாலருக்குப் போட்டாலும் வாங்க ஆளில்லை. டிஸ்னி பாயிண்ட் அந்தக் கதிக்கு விழாமல் இருப்பதற்கு, அடிமட்ட விலையில் குறுக்கே நிற்கும் இந்தக் கையும் ஒரு காரணம். நாளைக்கு நீங்கள் விற்கும்போது இதே பங்காளி உங்களுக்குத் துணைக்கு வருவார்.

கே: அப்படியானால் டிஸ்னி கைவைக்காத அளவுக்கு 5 டாலர் கூட்டியே பேசிவிடலாமா?
– ‘முன்ஜாக்கிரதை’, சிகாகோ

ப: விற்பவர் உங்கள் பெயரைச் சொல்லி விளக்கேற்றுவார். டிஸ்னி எந்த ரிசார்ட்டை எப்போது எடுக்கும் என்பது அவர்களுடைய சரக்குக் கையிருப்பைப் பொறுத்தது. ஒரு மாதம் கண்டுகொள்ளாமல் விடும், அடுத்த மாதம் வரிசையாக அள்ளும். போனால் முன்பணம் திரும்பி வரப்போகிற பந்தயத்தில் 160 பாயிண்ட்டுக்கு 800 டாலர் எதற்கு? பயணத் தேதி நெருக்கவில்லை என்றால் குறைத்தே கேளுங்கள். போனால் அடுத்தது. பேரத்தில் உங்களுக்கு இருக்கும் ஒரே ஆயுதம் ‘இது இல்லாவிட்டால் இன்னொன்று’ என்ற மனசுதான். ஒரு கான்ட்ராக்ட்டின் மேல் காதல் வந்தால் அந்த ஆயுதம் விற்பவர் கைக்குப் போய்விடும்.

கே: வீரோ பீச் பாயிண்ட் கொள்ளை மலிவாக இருக்கிறதே! அதை வாங்கி, 7 மாதம் முன்பு ஒர்லாண்டோவில் அறை பிடித்தால் என்ன?
– ‘சிக்கனம்’, சான் ஹோசே

ப: மலிவுக்குக் காரணம் கடற்கரையிலேயே நிற்கிறது. வீரோ பீச் டியூஸ் கிளப்பிலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்று. கான்ட்ராக்ட்டும் 2042-ல் முடிகிறது. வாங்கும் விலையில் ஒருமுறை சிரிப்பீர்கள், டியூஸ் பில் உங்களைப் பார்த்து ஆண்டுதோறும் சிரிக்கும். விலையை மிச்ச ஆண்டுகளால் வகுத்து, அதோடு டியூஸைக் கூட்டிப் பாருங்கள். அந்தக் கூட்டுத்தொகைதான் ஒரு பாயிண்ட்டின் உண்மை விலை.

கே: ஓல்ட் கீ வெஸ்ட்டில் ஒரே அளவு கான்ட்ராக்ட்டுக்கு இரண்டு விதமான விலை. அச்சுப்பிழையா?
– ‘குழம்பியவர்’, ரிச்மண்ட்

ப: இல்லை, ஆயுள் வித்தியாசம். அங்கே எல்லாம் 2042-ல் முடிவதாகத்தான் முதலில் இருந்தது. பிற்பாடு டிஸ்னி, காசு கட்டினால் 2057 வரை நீட்டித் தருகிறோம் என்றது. சிலர் கட்டினார்கள், பலர் கட்டவில்லை. ஒரே மாடியில் பக்கத்துப் பக்கத்துப் பங்குகளுக்கு 15 ஆண்டு வித்தியாசம். ப்ரோக்கரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அல்ல, வருஷத்தை.

கே: ரிவியரா புதிது, 2070 வரை ஆயுள். ஆனாலும் ரீசேலில் டிஸ்னி விலையைவிட ரொம்பவே இறக்கிக் கொடுக்கிறார்கள். எங்கே ஓட்டை?
– ‘சந்தேகி’, சார்லட்

ப: கட்டடத்தில் ஓட்டை இல்லை, விதியில் இருக்கிறது. ரிவியராவை ரீசேலில் வாங்கினால் அந்தப் பாயிண்ட்டை ரிவியராவில் மட்டும்தான் செலவழிக்கலாம். மறுபக்கம், பழைய 14 ரிசார்ட்டுகளின் பாயிண்ட்டை 2019 ஜனவரி 19 முதல் ரீசேலில் வாங்கியவர்களுக்கு ரிவியராவில் இடமில்லை. உறுப்பினர் தள்ளுபடிகளும் 2016 ஏப்ரல் 4 முதல் ரீசேலில் மட்டும் வாங்கியவர்களுக்குக் கிடையாது. ஆண்டுதோறும் ரிவியராவிலேயே தங்குவேன், வேறெங்கும் கால் வைக்கமாட்டேன் என்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் பேரத்தில் அதைச் சொல்லிவிடாதீர்கள். கட்டுப்பாட்டைச் சொல்லிப் பெருமூச்சு விடுங்கள்.

கே: முதலில் 50 பாயிண்ட் மட்டும் வாங்கிப் பார்க்கலாமா? சின்னதுதானே, விலையும் குறையுமே?
– ‘ஆழம் பார்ப்பவள்’, சியாட்டில்

ப: மொத்தத் தொகை குறையும், பாயிண்ட் விலை ஏறும். கையில் ஏற்கெனவே கான்ட்ராக்ட் வைத்திருப்பவர்கள் ஒட்டுப்போடச் சின்னதைத்தான் தேடுகிறார்கள், அதனால் கிராக்கி அதிகம். க்ளோசிங் செலவும் அளவைப் பார்த்துப் பெரிதாகக் குறைவதில்லை. 700 டாலர் என்று வையுங்கள்: 50 பாயிண்ட்டில் தலைக்கு 14 டாலர், 200 பாயிண்ட்டில் மூன்றரை. பேரம் நன்றாகப் படிவது 300, 400 பாயிண்ட் உள்ள பெரிய கான்ட்ராக்ட்டுகளில். அதைப் பிரித்துத் துண்டு துண்டாக விற்க முடியாது. வாங்க வருபவரும் கொஞ்சம் பேர்தான்.

கே: ஒரே நேரத்தில் மூன்று பேரிடம் அடிமட்ட விலை கேட்டு வைக்கலாமா? ஒன்றாவது படியாதா?
– ‘வலை வீசுபவர்’, டொராண்டோ

ப: ஒன்று படிந்தால் சாமர்த்தியம். மூன்றும் படிந்தால், தலா 160 என்று வைத்தாலும் 480 பாயிண்ட். கையெழுத்துப் போடும்வரை சட்டம் உங்களைப் பிடிக்காது என்பது உண்மை. ஆனால் ரீசேல் ப்ரோக்கர் உலகம் ரொம்பச் சின்னது. வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்வாங்குபவர் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், அடுத்த நல்ல சரக்கு வரும்போது போன் உங்களுக்கு வராது. வரிசையாகக் கேளுங்கள், பதிலுக்கு இரண்டு நாள் கெடு வையுங்கள்.

கே: கணவர் இதை ‘இன்வெஸ்ட்மென்ட்’ என்கிறார்.
– ‘சம்பளக் கணக்குப் பார்ப்பவள்’, பீனிக்ஸ்

ப: 2042 ஜனவரி 31 அன்று அவரைக் கூப்பிட்டு மதிப்பு என்ன என்று கேளுங்கள். இது முன்கூட்டியே வாங்கிவைக்கும் லீவு. லீவாக நினைத்துப் பேரம் பேசினால் சரியான விலை வரும். முதலீடு என்று நினைத்தால் எந்த விலையும் நியாயமாகத் தோன்றும்.

கே: 150 பாயிண்ட், பாயிண்ட்டுக்கு 3 டாலரில் பேரம் நிற்கிறது. இன்னும் 30 ஆண்டு மிச்சம் இருக்கிறது. 450 டாலரை 30-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 15 டாலர்தானே, விட்டுக்கொடுத்துவிடலாமா?
– ‘களைத்தவர்’, பாஸ்டன்

ப: யூஸ் இயர், பாயிண்ட் இருப்பு, டியூஸ், முடியும் வருஷம் எல்லாம் உங்களுக்குப் பொருந்துகிறது என்றால் தாராளமாகக் கொடுங்கள். களைப்பால் கொடுக்கிறீர்கள் என்றால் ஒரு வாரம் தூங்கி எழுந்து பிறகு பேசுங்கள். இந்த வகுத்தல் கணக்கில் மட்டும் கவனம் வையுங்கள். 30-ஆல் வகுத்தால் எந்தத் தொகையும் காபிச் செலவாகத்தான் தெரியும். டிஸ்னியின் சேல்ஸ்மேன் முழு விலைக்கு விற்பதும் இதே வகுத்தலைப் போட்டுக் காட்டித்தான்.