செலவில்லாச் சாயங்காலம்

பாசிர் ரிஸ்,
சிங்கப்பூர்.

அன்புள்ள மாமாவுக்கு,

மூச்சுக்கும் மீட்டர் போடுகிற ஊரில் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லோரும் சனிக்கிழமை சாயங்காலம் என்னதான் செய்கிறார்கள், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான சந்தேகம். இங்கே கார் வாங்குவது இருக்கட்டும், காரைப் பத்து வருஷம் வைத்துக்கொள்ளலாம் என்கிற உரிமைச் சீட்டுக்கே லட்சம் வெள்ளிக்கு (இங்கத்து டாலர்) மேல் கொடுத்தவர்கள் உண்டு. நாலு பேர் கொண்ட குடும்பம் செந்தோசாவுக்குப் போய் யுனிவர்சல் ஸ்டூடியோஸ் பார்த்துத் திரும்பினால் முந்நூறு வெள்ளி காலி. அதை நீங்கள் உடனே ரூபாயில் பெருக்கிப் பார்ப்பீர்கள். வேண்டாம் மாமா, ரத்த அழுத்த மாத்திரை அளவு கூடிவிடும். ஆனால் இதை வைத்து, சிங்கப்பூரில் சந்தோஷம் காசுள்ளவனுக்கு மட்டும்தான் என்று நீங்கள் தீர்ப்பு எழுதினால் நான் மேல்முறையீடு செய்வேன். குடும்பத்தோடு வெளியே போய் வருவதில் டிக்கெட் ஒரு பெரிய செலவே இல்லை. உட்கார இடமில்லை என்று ஓட்டலுக்குள் நுழைகிறோம். கழிப்பறை இல்லை என்று மறுபடி ஓட்டலுக்குள் நுழைகிறோம். தாகத்துக்குப் பாட்டில் வாங்குகிறோம். கடைசிப் பஸ் போய்விட்டது என்று ஆட்டோக்காரர் கேட்டதைக் கொடுக்கிறோம். பர்ஸ் காலியாவது இந்த நாலில்தான். இவற்றை ஊரே பார்த்துக்கொண்டால் கடலுக்கும் மரத்துக்கும் எங்கேயும் யாரும் காசு கேட்பதில்லை.

நான் இருக்கும் பாசிர் ரிஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். தீவின் கிழக்கு ஓரம். 1989-இல் ரயில் வந்தது, இன்றைக்கும் கிழக்கு மேற்குத் தடத்தின் கடைசி நிலையம் இதுதான். நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில் கடலோரமாக ஏறக்குறைய 70 ஹெக்டேர் பூங்கா. அதன் நடுவே 6 ஹெக்டேரில் அலையாத்திக் காட்டை வெட்டாமல் விட்டு, உள்ளே பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். பிள்ளைகள் குனிந்து நண்டையும் சேற்றில் தத்தித் தாவும் மீனையும் எண்ணலாம். பறவை பார்க்க மூன்று மாடிக் கோபுரம் உண்டு. மரத்தில் ஆந்தை ஒன்று தூங்கினால் போதும், ஆந்தையைவிடப் பெரிய லென்ஸோடு கீழே பத்துப் பேர் விழித்திருப்பார்கள். காட்டுக்கோழிகள் குஞ்சுகளோடு நடைபாதையைக் கடக்கும்; அப்போது தஞ்சாவூர்க்காரர்கள் கண்ணில் ஒரு கணம் மிளகுக் குழம்பு தெரியும். தொட்டால் சட்டம் பாயும் என்பதால் குழம்பு கண்ணோடு நின்றுவிடும். அந்த ஆசையைத் தீர்த்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள்: முன்பதிவு செய்து சில வெள்ளி கட்டினால் கடலோரத்தில் பார்பிகியூ அடுப்பு கிடைக்கும். ஒரு பக்கம் மலாய்க் குடும்பம் சத்தே சுட, இன்னொரு பக்கம் நம்மவர்கள் முந்தின நாளே மசாலா தடவிய கோழிக்காலோடு வருவார்கள். மூன்று தலைமுறை ஒரே பாயில் ராத்திரி வரை உட்கார முடிகிறது என்றால், பக்கத்திலேயே விளக்கும் தண்ணீரும் சுத்தமான கழிப்பறையும் இருப்பதுதான் காரணம். கடற்கரை அழகு என்று பார்த்தால் சுமார்தான் மாமா. எதிரே மலேசியா தெரியும், கப்பல் தெரியும், தண்ணீர் காப்பி நிறத்தில் இருக்கும்.

கொஞ்சம் தள்ளி லோயாங் துவா பெக் கோங் கோயில் இருக்கிறது. ஒரே கூரையின் கீழ் சீனத் தெய்வங்கள், நம் பிள்ளையார், பக்கத்தில் மலாய் தாத்தோ சன்னிதி. 24 மணி நேரமும் நடை திறந்திருக்கும். தூக்கம் வராத தம்பதிகளுக்கு இதைவிட மலிவான நள்ளிரவு உலா ஊரில் இல்லை. இன்னும் கொஞ்சம் போனால் சாங்கித் துறையிலிருந்து புலாவ் உபின் தீவுக்குப் படகு, ஆளுக்கு நாலு வெள்ளி. 12 பேர் சேர்ந்தால் கிளம்பும். நம்மூர் ஷேர் ஆட்டோவின் சட்டம்தான் கடலிலும். அந்தத் தீவின் செக் ஜாவா சதுப்புக் கரையை 2001-இல் மண் கொட்டி மேடாக்குவதாக இருந்தது. செய்தி தெரிந்த ஜனங்கள் பிள்ளைகுட்டிகளோடு போய் வற்றுக்கடலில் நட்சத்திர மீனைப் பார்த்துவிட்டு வந்து குரல் கொடுத்தார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் அரசு திட்டத்தைத் தள்ளி வைத்தது. வேடிக்கை பார்க்கப் போன கூட்டம் ஒரு கரையைக் காப்பாற்றியிருக்கிறது.

இங்கேதான் நீங்கள் குறுக்கிடுவீர்கள். நமக்கு முத்துப்பேட்டை அலையாத்திக் காடு இல்லையா என்பீர்கள். இருக்கிறது, ஏறக்குறைய 12,000 ஹெக்டேர், பாசிர் ரிஸ் காட்டைப் போல இரண்டாயிரம் மடங்கு. நம் மன்னார்குடியிலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஆனால் வனத்துறை அனுமதி, படகு, சாப்பாட்டுப் பொட்டலம், பெண்கள் எங்கே ஒதுங்குவது என்கிற யோசனை எல்லாம் சேர்ந்து, பக்கத்தில் இருக்கிற நம்மவர்களில் எத்தனை குடும்பம் அதைப் பார்த்திருக்கிறது? ராஜகோபாலசுவாமி கோயில் திருவிழாவை விட்டுவிட்டாயே என்று அத்தை கேட்பார். விடவில்லை. உலகத்திலேயே தலைசிறந்த இலவசக் கேளிக்கை தமிழ்நாட்டுத் திருவிழாதான். வாணவேடிக்கை, நாதஸ்வரம், ராட்டினம், அப்பளம், சண்டை எல்லாம் ஒரே இடத்தில். ஆனால் பங்குனிப் பெருவிழா 18 நாள், விடையாற்றி 12 நாள். மிச்சம் பதினோரு மாதத்துக்கு டிவிதானே? நான் சொல்வது அந்தப் பதினோரு மாதத்தைப் பற்றி.

நகருக்குள் போக ரயிலில் ஏறக்குறைய இரண்டு வெள்ளி. நம்மவர்கள் கூடும் தேக்காவில் இறங்கினால் உணவங்காடியில் குடும்பமே வயிறு நிறையச் சாப்பிடலாம், ஏசி மட்டும் எதிர்பார்க்கக் கூடாது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சிராங்கூன் சாலை முழுக்க விளக்கு. பொங்கலுக்கு நிஜ மாட்டையே கொண்டுவந்து கட்டுவார்கள், நகரத்துப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்க்கும், மாடும் அவர்களை அப்படித்தான் பார்க்கும். 1859-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா காலை 5 மணிக்குத் திறந்து நள்ளிரவில் மூடுகிறது. 2015-இல் யுனெஸ்கோ மரபுடைமைத் தலமான பிறகும் ஆர்க்கிட் தோட்டம் தவிர எதற்கும் கட்டணம் இல்லை. கரையோரப் பூந்தோட்டங்களில் தினமும் இரவு 7.45-க்கும் 8.45-க்கும் ராட்சத இரும்பு மரங்கள் பாட்டுக்கு ஏற்ப மினுங்கும். ஜனங்கள் தரையில் மல்லாந்து படுத்துப் பார்க்கிறார்கள், கோடீஸ்வரனும் அதே தரையில்தான். எஸ்பிளனேட் அரங்கின் திறந்தவெளி மேடையில் பல நாள் இலவசக் கச்சேரி. நவம்பரில் நம் கலைகளுக்கென்றே ‘கலா உத்சவம்’. வசதியே இல்லாத நாளுக்கு நூலகம். எங்கள் ஊர் நூலகம் ரயில் நிலையத்தை ஒட்டிய வொயிட் சேண்ட்ஸ் கடைத்தொகுதிக்குள் இருக்கிறது. கடைக்குப் போன மனைவி திரும்புவதற்குள் கணவன் அரை நாவல் படித்துவிடலாம் என்பது யாருடைய திட்டமோ, அவருக்குக் கோடிப் புண்ணியம். வெளிநாட்டவர் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப்போக ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். உள்ளே உட்கார்ந்து படிக்க யாரும் எதுவும் கேட்பதில்லை. 2007 முதல் ஏப்ரல் மாதம் தமிழ்மொழி விழா நடக்கிறது. நாடகம், பட்டிமன்றம், பிள்ளைகளுக்குப் போட்டி என்று ஊர் முழுக்க நிகழ்ச்சி, பலவற்றுக்கு அனுமதி இலவசம். சிலவற்றில் முடிந்ததும் சமோசாவும் தேநீரும் உண்டு. அவை முடிவில்தான் வரும் என்பதால் நன்றியுரை வரைக்கும் கூட்டம் கலையாது.

அரசாங்கத்துக்கு ஏன் இந்தத் தாராளம்? வீடு சின்னது மாமா, அதுதான் விஷயம். பெரும்பாலான ஜனங்கள் அரசு கட்டிய வீவக அடுக்குமாடியில் இருக்கிறார்கள். தொண்ணூறு சதுர மீட்டருக்குள் தாத்தா, பாட்டி, படிக்கும் பிள்ளை, அழும் பிள்ளை. அதற்குள் என்ன கேளிக்கை நடக்கும்? மேசை நடுவே ஸ்டீம்போட் சட்டியைக் கொதிக்கவிட்டு, ஆளுக்கொரு கரண்டியோடு சுற்றி உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சாப்பிடலாம். கேரம் ஆடலாம், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டும் வரை. ஆகவே புளோக்கின் தரைத்தளத்தையே காலியாக விட்டிருக்கிறார்கள், கல்யாணமும் சாவும் சதுரங்கமும் அங்கேதான். காதலர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். தனியாள் புது அரசு வீடு வாங்க 35 வயது ஆக வேண்டும். ஜோடியாக விண்ணப்பித்தால் அதற்கு முன்பே கிடைக்கும். அதனால் இங்கே பையன் மண்டியிட்டு மோதிரம் நீட்டுவதில்லை, “வீட்டுக்கு விண்ணப்பம் போடலாமா?” என்று கேட்கிறான், அதற்குப் பெண் வெட்கப்பட்டால் நிச்சயதார்த்தம் முடிந்தது. வீடு கட்டி முடிய வருஷங்கள் ஆகும். அதுவரை அந்த ஜோடி எங்கே போகும்? பூங்காவுக்கும் கடற்கரைக்கும் விமான நிலையத்துக்கும்தான். விமான நிலையத்தின் ஜூவல் கட்டடத்துக்குள் 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டும் அருவியைப் பார்க்க விமான டிக்கெட் தேவையில்லை, ஏசியும் இலவசம்.

இலவசம் என்று ஒன்று கிடையாது, வரியில் பிடுங்கிவிடுவார்கள் என்று உங்கள் நண்பர் தணிக்கையாளர் சொல்வார். உண்மைதான், பொருள் சேவை வரி 2024 முதல் 9 விழுக்காடு, பிள்ளைக்கு வாங்கும் பென்சிலுக்கும் உண்டு. ஆனால் வரி எல்லா ஊரிலும் இருக்கிறது, நம்மூரில் 18 விழுக்காடுகூட இருக்கிறது; திரும்பக் கிடைக்கும் பெஞ்சை எண்ணிப் பாருங்கள் என்பதே என் பதில். கட்டுப்பாடு அதிகம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். கடற்கரையில் கூடாரம் அடிக்க அனுமதிச் சீட்டு வேண்டும், அதுவும் இலவசம் என்றாலும் சீட்டு சீட்டுதான், குப்பை போட்டால் முதல் தடவைக்கே 2,000 வெள்ளி வரை அபராதம் விழலாம், ராத்திரி 10.30-க்கு மேல் பொது இடத்தில் குடிக்கக் கூடாது. கடைசி விதியைக் குடும்பப் பெண்கள் யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை. சின்னத் தீவு, எத்தனை தடவைதான் அதே மரம் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு மட்டும் என்னிடம் மறுமொழி இல்லை, அது சரியான புகார்தான். டிசம்பர் விடுமுறையில் பாதி ஊர் மலேசியாவுக்குப் போகும் ஜோகூர் பாலத்தில் வரிசையில் நிற்பதற்கு அதுவே காரணம்.

என் வாதம் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. இதுவரை குடும்பம் குடும்பம் என்றேன். வெளிநாட்டு ஊழியர் இங்கே மனைவி, பிள்ளையைக் கொண்டுவர வேண்டுமென்றால் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளி இருக்க வேண்டும். கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் ஒர்க் பெர்மிட்டில் இருக்கும் நம் திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டைப் பையன்களுக்கு அந்த அனுமதியே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேக்காவைச் சுற்றிய புல்வெளிகளில் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அதே இலவசப் புல், அதே சுத்தமான நடைபாதை, கையில் போன், போனுக்குள் குடும்பம். பெஞ்சும் கழிப்பறையும் அவர்களுக்கும்தான் திறந்திருக்கின்றன, பக்கத்தில் உட்கார வேண்டியவர்கள்தான் இல்லை. இதற்குப் பூங்கா இலாகா எதுவும் செய்ய முடியாது.

உங்களுக்கு நகராட்சியில் செல்வாக்கு உண்டு என்பதால் ஒன்று கேட்கிறேன். நம்மூர் ஹரித்ரா நதித் தெப்பக்குளக் கரையில் அடுத்து எதை அமைப்பதாகப் பேச்சு வந்தாலும், நீரூற்றையும் செல்ஃபி பலகையையும் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதலில் தண்ணீர் வரும் கழிப்பறை இரண்டு, நிழலில் பத்துப் பெஞ்சு, ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு டவுன் பஸ். அத்தையை அங்கே சனிக்கிழமை சாயங்காலம் கூட்டிப் போய்விட்டு, எவ்வளவு செலவாயிற்று என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்