தூணுக்கு அந்தப் பக்கம் பெரியப்பா

பொத்தானை அமுக்கும்போதே ஒரு கால் சமையலறைக்கு வெளியே இருக்கும். விரல் மட்டும்தான் உள்ளே. மைக்ரோவேவ் முனக ஆரம்பித்ததும் விரலும் வெளியே வந்துவிடும். அப்புறம் ஹாலைத் தாண்டி, தூணுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு, கழுத்தை மட்டும் நீட்டி, "ஓடுது, ஓடுது, யாரும் உள்ளே போகாதீங்க" என்று ஓர் அறிவிப்பு. உறைமோர் வாங்க வந்த பக்கத்து வீட்டுப் பெண்ணும் கிண்ணத்தோடு வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். உங்கள் வீட்டில் தூண் இல்லையென்றால் உங்கள் பெரியப்பா பீரோவுக்குப் பின்னால் நிற்பார்.

ஏன் என்று கேட்டால், ரேடியேஷன். காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் அவருக்கு வந்த ஞானம் அது. ஆறு ஐந்துக்கு நமக்கும் வந்துவிடும். எக்ஸ்ரே வேறு, இது வேறு. இந்த அலை சூடாக்குவதோடு சரி என்று சொல்லிப் பார்த்தாயிற்று. அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர், கதவுக் கண்ணாடியில் இருக்கும் வலையின் ஓட்டையோ கடுகு நுழையத் திணறும் அளவு, அதன் வழியாக அது எப்படி வெளியே வரும் என்றும் கேட்டாயிற்று. பெட்டியிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லிவாட்டுக்கு மேல் கசியக்கூடாது என்று அமெரிக்காவில் சட்டமே இருக்கிறது, தூரம் கூடக் கூட அதுவும் சட்டென்று குறைந்துவிடும் என்றால், "அது அமெரிக்காவுல" என்பார். கதவு நசுங்கியிருந்தாலோ சரியாக மூடவில்லை என்றாலோ பயப்படலாம், நியாயம். இவர் வீட்டுக் கதவு நன்றாகத்தான் இருக்கிறது.

மணி அடித்த பிறகும் திறக்க விடமாட்டார். "இரு, உள்ளே இருக்கிற கதிர் அடங்கட்டும்." கதவைத் திறந்த நொடியே அலை நின்றுவிடும், விளக்கை அணைத்தபின் வெளிச்சம் அறைக்குள் தங்குமா பெரியப்பா என்றேன். "அப்ப சூடு மட்டும் எப்படித் தங்குது?" என்றார். இதற்குப் பதில் சொல்லத் தெரிந்தவர்கள் முன்வரலாம்.

ஆனால் ஒன்று. அந்த ஒரு நிமிஷக் காத்திருப்பு உண்மையில் நல்லது. மைக்ரோவேவில் சூடு சீராகப் பரவாது. ஓரத்தில் சாதம் கொதிக்கும், நடுவில் ஃப்ரிட்ஜ் குளிர் அப்படியே இருக்கும். நடுவில் ஒருமுறை கிளறி, முடிந்ததும் கொஞ்சம் ஆறப் போட்டால்தான் எல்லா இடமும் சூடாகும். தப்பான காரணத்துக்காகச் சரியான காரியம் செய்கிறார். அதனால் கதிர் அடங்கட்டும் என்று நானும் சேர்ந்து காத்திருக்கிறேன்.

அலைக்கு இவ்வளவு பயப்படுகிறவர், ஆவியை மட்டும் மதிக்கவே மாட்டார். ஓட்டல் பார்சலில் வந்த சாம்பாரை, அந்த மெல்லிய பிளாஸ்டிக் டப்பாவோடு, மூடியை நாலு பக்கமும் அமுக்கி உள்ளே வைப்பார். மூடியைத் திறந்து பீங்கான் கிண்ணத்தில் ஊற்றுங்கள் என்றால், "மூடினாதான் கதிர் சாம்பாருக்குள்ள இறங்காது" என்பார். கதிர் இறங்காவிட்டால் சாம்பார் எதனால் சுடும்? அந்த ஆராய்ச்சிக்குள் அவர் போவதில்லை. ஆவிக்குப் போக வழியில்லாமல் மூடி பறந்து உள்கூரையில் ஒட்டியபோது அவர் தூணுக்குப் பின்னால் பத்திரமாக இருந்தார். தங்க விளிம்புக் கோப்பை பொறி பறக்க விட்டதும் ஒருநாள் நடந்தது.

ஓட்டோடு வைத்த அவித்த முட்டையும் வெடித்திருக்கிறது. இதற்கு முன்னோடி உண்டு. 1945 வாக்கில் அமெரிக்காவில் ரேதியான் கம்பெனியில் ரேடார் கருவி அருகே நின்ற பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் இனிப்பு உருகிப் போனதில்தான் இந்த அடுப்பே பிறந்தது. அடுத்த சோதனைகளில் ஒரு முட்டை யார் முகத்திலோ வெடித்தது என்பார்கள். பெரியப்பாவுக்கு இதில் உருகிய இனிப்பு மட்டும்தான் ஞாபகம். "மிட்டாயே உருகினா மனுஷன் என்ன ஆவான்?" ஸ்பென்சர் 76 வயதுவரை இருந்தார் என்றேன். "சொல்லிக்குவாங்க" என்றார்.

காபிக்கு வெந்நீர் வைப்பது இன்னும் மோசம். வழுவழுப்பான கண்ணாடி டம்ளரில் தண்ணீர், மூன்று நிமிஷம். எட்டிப் பார்ப்பார், குமிழி இருக்காது. "இன்னும் கொதிக்கலை" என்று மறுபடி மூன்று நிமிஷம். அப்படிப்பட்ட டம்ளரில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் சலனமில்லாமல் உட்கார்ந்திருக்கும் என்பதும், உள்ளே ஒரு மரக்குச்சியைப் போட்டு வைத்தால் ஒழுங்காகக் கொதிக்கும் என்பதும் அந்த ஆறு மணி ஞானத்தில் வருவதில்லை. வெளியே எடுத்து, முகத்தை நேர் மேலே வைத்துக்கொண்டு, ஒரு ஸ்பூன் காபிப் பொடியைக் கொட்டினார். மொத்தத் தண்ணீரும் ஒரே பாய்ச்சலில் மேலே எழும்பியது. நல்லவேளை, பனியன் வாங்கிக்கொண்டது. நனைந்த பனியனோடு வெளியே வந்து எங்களைப் பார்த்து, வெற்றியோடு சொன்னார்: "பாத்தியா? ரேடியேஷன்."

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். சிரிக்க முடியாதது, துடைக்கிற வேலை. உள்ளே நாலு சுவரிலும் காய்ந்த சாம்பார், கூரையில் கடுகு, தட்டுக்கு அடியில் போன வாரத்துப் பால். ஒரு தட்டை லேசாகச் சாய்த்து மூடியிருந்தால் தெறிக்கவே தெறிக்காது. அதைச் செய்யமாட்டார், ஏனென்றால் துடைக்கப்போவது அவர் இல்லை. பெரியம்மா கிண்ணத்தில் தண்ணீரும் எலுமிச்சைத் துண்டும் போட்டுச் சூடாக்கி, அந்த ஆவியில் கறை ஊறியதும், ஈரத்துணியோடு தலையை உள்ளே விட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். தூணுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது: "பிளக்கைப் பிடுங்கிட்டுத் துடை!" சரியான யோசனைதான். பிடுங்க அவர் வரவில்லை.

கதிர் பெரியம்மாவை மட்டும் ஒன்றும் செய்யாதா என்று நான் கேட்டேன். பெரியம்மா துணியைப் பிழிந்துகொண்டே சொன்னார்: "உங்க பெரியப்பாவுக்குக் கதிர் எங்கெங்க போகும்னு எல்லாம் தெரியும்ப்பா. துணி எங்க இருக்குன்னுதான் முப்பது வருஷமா தெரியலை."